மணல் முற்றத்தில் கார் ஸ்பிரிங் மாற்றுகிறவர்கள் செய்யும் தவறுகள்

திருகோணமலையில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஸ்பிரிங் உடைவது புதுக்கதை இல்லை. ஸ்பிரிங்கின் அடிச்சுற்றில் எங்காவது பெயின்ட் உரிந்திருந்தால் போதும், கடற்காற்றின் உப்பு அதில் பிடித்துக் கறள் வைக்கும், ஒருநாள் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது டங்கென்று ஒரு சத்தம், இறங்கிப் பார்த்தால் ஒரு பக்கம் சரிந்து நிற்கும். கராஜில் கூலியைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வரும்போது நாமே மாற்றினால் என்ன என்று தோன்றும். நானும் அப்படித்தான் தொடங்கினேன், அதில் பிழையில்லை. ஆனால் இந்த வேலையில் சில தவறுகளுக்குக் காசுதான் போகும், சிலவற்றுக்குக் கையோ கண்ணோ போகும்.

ஆபத்தானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அநேகமான சின்னக் கார்களில் முன்பக்கத்து ஸ்பிரிங்கும், அது துள்ளுவதை அடக்கும் ஷொக்கும் சேர்ந்து ஒரே துண்டாக இருக்கும், மக்பெர்சன் ஸ்ட்ரட் என்பார்கள். பொனட்டைத் திறந்தால் அதன் உச்சியில் சுற்றிவர இரண்டு மூன்று சின்ன நட்டுகளும் நடுவில் ஒரு பெரிய நட்டும் தெரியும். புதிதாகச் செய்பவரின் கை நேரே அந்தப் பெரிய நட்டுக்குத்தான் போகும். போகக் கூடாது. காரை உயர்த்தி, சில்லைக் கழற்றி, ஸ்ட்ரட்டை வெளியே எடுத்து மேசையில் வைத்த பிறகும் உள்ளே ஸ்பிரிங் அமுங்கியபடியேதான் இருக்கிறது, அதைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஒரு நட்டுத்தான். ஸ்பிரிங்கை அமுக்காமல் அதைக் கழற்றினால் மேல்தட்டு துப்பாக்கிக் குண்டு மாதிரிப் பறக்கும்.

அமுக்குவதற்கு கொம்பிறசர் இருக்கிறதே என்பீர்கள். இரண்டு நீளத் திருகாணியும் கொக்கியுமாக வாடகைக்கோ இரவலாகவோ கிடைப்பதுதான் பலருக்கும் கிடைக்கும். அதிலும் பிழை விடுகிறோம். இரண்டும் சரியாக எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஒரு பக்கம் நெருங்கி இருந்தால் ஸ்பிரிங் வாழைப்பழம் மாதிரி வளைந்து கொக்கியை வழுக்கித் தள்ளும். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதற்குப் போகாமல் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். மரைக்குக் கிரீஸ் பூசுங்கள், கையால் சுற்றுங்கள், காற்றுக் கன் வேண்டாம். ஸ்பிரிங்கின் இரண்டு நுனிக்கும் நேரே முகத்தைக் கொண்டுபோகவே வேண்டாம்.

உண்மையில் என் அபிப்பிராயம் வேறு. முதல்தடவை செய்பவர் கொம்பிறசரைத் தொட வேண்டியதே இல்லை. ஸ்ட்ரட்டை முழுதாகக் கழற்றிப் புது ஸ்பிரிங்கோடு ஒரு கராஜுக்குக் கொண்டுபோனால், சுவரில் பூட்டிய அமுக்கி உள்ள இடத்தில் அந்த வேலையை மட்டும் செய்து தருவார்கள். வேலையில் பெரும்பகுதி நீங்கள் செய்ததுதானே, ஆபத்தான அந்தக் கொஞ்ச நேரத்தைப் பழகிய கைக்குக் கொடுத்துவிடுங்கள்.

சரி, அடுத்தது நிலம். இதை உப்புவெளி, நிலாவெளிக்காரர் ஒருதடவைக்கு இரண்டு தடவை வாசிக்க வேண்டும். நம் முற்றமெல்லாம் மணல். எனக்குத் தெரிந்த ஒருவருடைய வீட்டில், மழை பெய்து இரண்டு நாள் கழித்து, மேலே இறுகிக் கிடந்த மணலை நம்பி ஜக் அடித்தோம். ஒரு பக்கமாக அது மெல்ல மெல்லப் புதைந்து, நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கார் சரிந்து கீழே வந்தது. அந்த நேரம் அடியில் யாரும் இல்லை. அன்றிலிருந்து சீமெந்து போட்ட இடமில்லாமல் நான் ஜக்கைத் தொடுவதில்லை. ஜக்கில் மட்டும் நிற்கும் காரின் கீழே கை நீட்டவும் வேண்டாம், காரைத் தாங்கி நிற்கும் இரும்பு ஸ்டான்ட் வைத்தே ஆக வேண்டும். ஸ்டான்ட் இல்லையென்று மதில் கட்டும் சீமெந்துக் கல்லை அடுக்குகிறார்கள், உள்ளே கோறையான அந்தக் கல் எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரேயடியாக நொறுங்கும்.

பின்பக்கத்தை உயர்த்தும்போது இன்னொன்று. பெரும்பாலான கார்களில் ஹான்ட் பிறேக் பின்சில்லைத்தான் பிடிக்கும். அந்தச் சில்லே அந்தரத்தில் இருக்கும்போது அதை இழுத்து என்ன பயன்? முன்சில்லுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள்.

விட்ஸ் போன்ற கார்களில் பின்னுக்கு ஸ்பிரிங்கும் ஷொக்கும் தனித்தனி. பழக விரும்புகிறவர் இங்கே தொடங்கலாம், கொம்பிறசர் பெரும்பாலும் தேவைப்படாது. கார் ஸ்டான்டில் நிற்க, பின் அச்சுக்குக் கீழே ஜக்கை வைத்துத் தாங்கிக்கொண்டு, ஷொக்கின் அடிப் போல்ட்டைக் கழற்றி, மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வரும். தாங்காமல் போல்ட்டைக் கழற்றுவதுதான் இங்கே செய்யும் பிழை, அச்சு படாரென்று விழுந்து பிறேக் ஹோஸில் தொங்கும். முன்பக்கமும் அப்படித்தான், ஸ்ட்ரட்டைக் கழற்றியதும் பிறேக்கோடு காரில் மிஞ்சும் துண்டு ஹோஸில் தொங்காமல் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். வெளியே பார்க்க நன்றாக இருக்கும் ஹோஸ் உள்ளே கிழிந்திருக்கலாம்.

சாமான் வாங்கும்போது கண்ணளவை நம்ப வேண்டாம். ஒரே மொடலுக்கே என்ஜினையும் வருடத்தையும் பொறுத்து வேறு வேறு ஸ்பிரிங் வரும், சில காரில் இடதும் வலதும்கூட ஒன்றில்லை. கொழும்பில் கார்ச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் யாரிடமாவது சொல்லி எடுப்பித்தாலும் செசி நம்பரைக் கொடுத்தே எடுப்பியுங்கள். உடைந்தது ஒன்றுதானே என்று ஒன்றை மட்டும் மாற்றினால் கார் ஒரு பக்கம் உயர்ந்தே நிற்கும், சோடியாக மாற்ற வேண்டும். உயரம் கூடிவிட்டதென்று ஸ்பிரிங்கைச் சூடாக்கி வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அந்தச் சூட்டில் இரும்பின் பதமே போய்விடும்.

கறள் பிடித்த போல்ட்டுக்கு முதல்நாளே எண்ணெய் விட்டு வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. சில்லு நட்டைக் கார் நிலத்தில் நிற்கும்போதே தளர்த்துங்கள்.

பூட்டும்போது ஸ்பிரிங்கின் நுனி தட்டில் அதற்கென்று இருக்கும் படியில் போய் முட்ட வேண்டும், முட்டாவிட்டால் ஓடத் தொடங்கியதும் திரும்பிச் சத்தம் போடும். றபர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சில்லு தொங்கிய நிலையில் முழுக்க இறுக்க வேண்டாம், அந்த முறுக்கு றபரிலேயே நின்று சில மாதத்தில் கிழிக்கும். காரின் பாரம் சில்லில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு. எவ்வளவு இறுக்குவது என்பது கைப்புத்தகத்தில் இருக்கும், டொயோட்டா பலவற்றில் சில்லு நட்டுக்கு 103 நியூட்டன் மீட்டர்.

முன்பக்கம் கழற்றியிருந்தால் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் விடாதீர்கள், ரயர் ஒரு பக்கம் தேய்ந்துபோகும். முடிந்த கையோடு கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போகவும் வேண்டாம், இரவில் யானை கடக்கும் அந்த வீதியில் சில்லில் ஏதாவது சத்தம் கேட்டால் இறங்கிப் பார்க்கவும் முடியாது. இரண்டு மூன்று நாள் ஊருக்குள்ளேயே மெல்ல ஓடி, 50, 100 கிலோமீட்டர் போனதும் கழற்றிய ஒவ்வொரு நட்டையும் மறுபடி ஸ்பானர் வைத்துப் பாருங்கள்.