சதுரக் கொப்பியில் மூலைவிட்ட வாதம்

நல்லூரில் என் வீட்டு விறாந்தையில் உயர்தர மாணவர்களுக்கு மூலைவிட்ட வாதத்தை, அதாவது ஒரு பட்டியலில் இல்லாத ஒன்றை அந்தப் பட்டியலைக் கொண்டே உருவாக்கிக் காட்டும் முறையை, சொல்லிக்கொடுக்கும்போது முதலில் பேனையை எடுக்கச் சொல்வேன். வாசித்தால் மட்டும் இது பிடிபடாது.

சதுரக் கொப்பியில் ஐந்து நிரை, ஐந்து நிரல். கட்டங்களை 0, 1 கொண்டு மனம்போல நிரப்புங்கள். என்னுடையது: 01101, 11000, 00110, 10101, 01011. இப்போது இடப்பக்க மேல்மூலையிலிருந்து சரிவாக இறங்குங்கள், முதல் நிரையில் முதல் இலக்கம், இரண்டாவதில் இரண்டாவது என்று: 01101. ஒவ்வொன்றையும் மாற்றிப் போடுங்கள்: 10010. இது முதல் நிரையோடு முதல் இடத்தில் மாறுபடும், இரண்டாவதோடு இரண்டாவது இடத்தில், இப்படியே கடைசிவரை. ஆகவே பட்டியலில் இல்லை.

"அதையும் சேர்த்துவிட்டால் சரிதானே, சேர்?" என்று ஒரு பிள்ளை எப்போதும் கேட்கும். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சேருங்கள், எல்லா நிரைகளையும் இன்னொரு கட்டம் நீட்டி நிரப்புங்கள், அப்புறம் புதிய பட்டியலில் மறுபடி சரிவாக இறங்குங்கள், இன்னொன்று தப்பிவிடும். முடிவில்லாத 0, 1 தொடர்களை எப்படிப் பட்டியலிட்டாலும் இதே கதிதான். கணிதவியலாளர் கான்டர் 1891இல் காட்டியது இதுவே.

கணினிக்கு வந்தால், எந்தச் செய்நிரலும் ஓடி முடிந்து நிற்குமா, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று பிழையின்றிச் சொல்லும் ஒரு சோதிப்பான் இருப்பதாக வையுங்கள். தன்னைப் பற்றியே அதனிடம் கேட்டு, "நிற்கும்" என்றால் ஓடிக்கொண்டே இருக்கவும், "நிற்காது" என்றால் உடனே நிற்கவும் ஒரு செய்நிரல் எழுதுங்கள். சோதிப்பான் எதைச் சொன்னாலும் பிழை. அப்படியொன்று இருக்க முடியாது என்று கணிதவியலாளர் டூரிங் 1936இல் நிறுவினார். எதிர்மாறாகச் செய்யும் அந்த வரிதான் நீங்கள் கொப்பியில் 0ஐ 1 ஆக்கிய இடம்.