ரொகோகோ டீ செட்: முத்திரையைக் கடைசியில் பாருங்கள்

பழைய சாமான் கடையில் பூப்போட்ட பீங்கான் கோப்பையைக் கண்டால் கை தானாக அதைக் கவிழ்க்கும். நானும் கவிழ்த்தேன். அடியில் நீலத்தில் இரண்டு குறுக்கு வாள். ஜெர்மனியின் மைசன் ஆலை முத்திரை! பேரம்கூடப் பேசவில்லை. வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால், ரோஜா இதழ் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். அச்சடித்து ஒட்டிய பூ. அன்று முதல் நான் பார்க்கும் வரிசையே வேறு.

முதலில் வடிவம். ரொகோகோ 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவில் கொடிகட்டிப் பறந்த அலங்காரப் பாணி. சிப்பி, அலை, ‘C’, ‘S’ போல வளையும் சுருள்கள் இருக்கின்றனவா பாருங்கள். இடப்பக்கச் சுருள் வலப்பக்கத்தில் அப்படியே திரும்பி வராது. அந்தக் கோணல்தான் அழகு. கைப்பிடி மரக்கிளை போலவும், மூடியின் குமிழ் ரோஜா மொட்டு போலவும் இருக்கலாம்.

இரண்டாவது, எது டீக்கு, எது காபிக்கு? குள்ளமாக, உருண்டையாக இருப்பது டீ கெண்டி. மூடியைத் திறந்து மூக்கு தொடங்கும் இடத்தில் விரலை விட்டால் சல்லடை ஓட்டைகள் தட்டுப்படும், தேயிலையைத் தடுக்க. காபி கெண்டி உயரமானது, பேரிக்காய் உடம்பு. பழைய மைசன் கெண்டிகள் பலவற்றில் வாயோரத்திலேயே சின்ன அலகு போல மூக்கு இருக்கும். காபித்தூள் அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்தது மட்டும் விழும். எளிய யோசனை!

மூன்றாவதில் அவசரப்படாதீர்கள். பத்து மடங்கு லென்ஸில் பூவைப் பாருங்கள். கையால் வரைந்ததில் தூரிகை இழுத்த கோடு தெரியும், ஓர் இதழ் போல இன்னொன்று இருக்காது. வரிசையான புள்ளிகள் தெரிந்தால் அச்சு. பிறகு கண்ணை மூடி விரல் நுனியால் தடவுங்கள். மைசனில் வண்ணம், மெருகின் (பீங்கான் மேல் பூசும் கண்ணாடி போன்ற பூச்சின்) மேலே லேசாக மேடிட்டிருக்கும். பிரான்சின் செவ்ர் ஆலையின் பழைய கோப்பையில் அந்த மேடு அவ்வளவாகத் தெரியாது. 1768-ல் பிரான்சின் லிமோஜ் நகர் அருகே, கடினப் பீங்கானுக்குத் தேவையான கயோலின் களிமண் கிடைக்கும்வரை செவ்ரில் செய்தது மென்பீங்கான். அதன் மெருகுக்குள் வண்ணம் இறங்கிவிடும். இதை வைத்துப் போலி என்று தள்ளிவிடாதீர்கள்.

நான்காவது, விரிசல். உள்ளங்கையில் வைத்து நகத்தால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, டொக்கென்றால் எங்கோ கீறல்.

இப்போது கவிழ்க்கலாம். குறுக்கு வாள் 1720-களிலிருந்து மைசனின் அடையாளம்; ஆனால் ஊரெல்லாம் காப்பியடித்த அடையாளமும் அதுதான். வாளின் மேல் குறுக்கே வெட்டுக்கோடு இருந்தால், ஆலையே இரண்டாம் தரம் என்று ஒதுக்கியதாக இருக்கலாம். ‘ஜெர்மனி’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் 18-ஆம் நூற்றாண்டுச் சரக்கு அல்ல. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா 1890-ல் சட்டம் போட்ட பிறகுதான் அந்த வழக்கம் பரவியது. அதற்காக முகம் சுளிக்க வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் ரொகோகோ மோகம் திரும்பியபோது மைசனே தன் பழைய வார்ப்பு அச்சுகளை எடுத்து மறுபடி வார்த்தது.

என் ஒட்டுப்பூ கோப்பையில் இப்போது தினமும் காபிதான். விளிம்பில் தங்கப்பூச்சு இருப்பதால் மைக்ரோவேவில் மட்டும் வைப்பதில்லை, பொறி பறக்கும்.