கடன் கம்பெனிப் பங்கும் பேமென்ட் கம்பெனிப் பங்கும்: ஒப்பிடுவது எப்படி?

ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு செல்போன் கடைக்குள் போனால் இரண்டு தொழிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒரு மேசையில் தவணைக்கு ஆதார் வாங்கும் ஃபைனான்ஸ் ஆள், கல்லாவில் பணம் வந்ததைச் சொல்லும் சவுண்ட்பாக்ஸ். இரண்டிலும் கூட்டம் இருக்கிறதே என்று பங்கு வாங்கினால் தப்புக் கணக்காகிவிடும். 2020 ஜனவரி முதல் வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகும் யுபிஐ பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்க முடியாது. பாலக்கோடு தக்காளி மண்டியில் நாள் முழுக்க ஸ்கேன் செய்தாலும் அந்தக் கைமாற்றம் பேமென்ட் கம்பெனிக்கு நேரடியாக வருமானம் தராது.

முதலில் பஜாஜ் ஃபைனான்ஸ், எஸ்பிஐ கார்ட்ஸ் போன்ற கடன் கம்பெனிகள். கணக்கு புரிய ஒரு கற்பனை உதாரணம்: 100 ரூபாய் கடனுக்கு வட்டி 18, கம்பெனி கட்டும் வட்டி 8, நிர்வாகச் செலவு 4, வராக்கடனுக்கு ஒதுக்குவது 2. மிச்சம் 4, வரி போக 3. அந்த 100-இல் சொந்த மூலதனம் 20 என்றால் லாபம் 15 சதவீதம். ஒதுக்கீடு 2-லிருந்து 4 ஆனால் அதுவே 7.5 ஆகிவிடும். வட்டியை விட வசூலைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

வராக்கடன் விகிதத்தை மட்டும் நம்பாதீர்கள். 1,000 கோடிக் கடனில் 30 கோடி வராமல் போனால் 3 சதவீதம். மறுவருடம் கடன் 1,500 கோடி, வராதது 36 கோடி என்றால் 2.4 தான். ஆனால் நடுவில் 25 கோடியை ரைட்-ஆஃப் செய்திருந்தால், அதாவது வராது என்று கணக்கிலிருந்தே நீக்கியிருந்தால், அதையும் சேர்த்து 1,525 கோடியில் 61 கோடி, உண்மை 4 சதவீதம். ஆகவே எட்டு காலாண்டுகளுக்கு ரைட்-ஆஃப் தொகையையும், 30 நாள் தாண்டி 90 நாளுக்குள் நிற்கும் ‘ஸ்டேஜ் 2’ பாக்கியையும் எழுதி வையுங்கள். வருகிற சிக்கல் பெரும்பாலும் ஸ்டேஜ் 2-இல்தான் முதலில் தெரியும். பங்கு விலையைப் புத்தக மதிப்போடு (ஒரு பங்குக்கு உரிய சொந்த மூலதனம்) ஒப்பிடுங்கள்.

பேடிஎம், மொபிக்விக் போன்றவற்றுக்கு இந்த அளவுகோல் ஒத்துவராது. வருமானத்தைப் பிரித்துப் பாருங்கள்: சவுண்ட்பாக்ஸ் வாடகை, கிரெடிட் கார்டு, வாலட் கட்டணம், கடன் பிடித்துக் கொடுக்கும் கமிஷன், யுபிஐக்கு அரசு தரும் ஊக்கத்தொகை. கடைசியது அரசு முடிவைப் பொறுத்தது, அதைக் கழித்துவிட்டே லாபம் பாருங்கள். ‘அட்ஜஸ்டட் எபிட்டா’ (வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன்பான லாபத்தைக் கம்பெனியே சரிக்கட்டிக் காட்டுவது) என்று காட்டினால், ஊழியருக்குக் கொடுத்த பங்குகளின் செலவை அதில் சேர்க்காமல் விட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள். விட்டிருந்தால் நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பரில் 2,150 ரூபாய்க்கு வந்த பேடிஎம் பங்கு பட்டியலான முதல் நாளே சுமார் 27 சதவீதம் சரிந்தது. அப்போது கம்பெனி நஷ்டத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டிலும் பாதிப் பாதி போட்டால் ஆபத்து பிரிந்துவிடும் என்பதும் அவ்வளவு சரியில்லை. 2023 நவம்பர் 16 அன்று ரிசர்வ் வங்கி, ஈடில்லா நுகர்வோர் கடனுக்கான இடர் எடையை (கடனுக்கு எதிராக எவ்வளவு மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அளவு) 100-லிருந்து 125 சதவீதமாக்கியது. அடுத்த மாதமே பேடிஎம் 50,000 ரூபாய்க்குக் கீழான கடன்களைக் குறைப்பதாக அறிவித்தது, பங்கு ஒரே நாளில் 20 சதவீதம் வரை வீழ்ந்தது. பணம் கைமாற்றும் கம்பெனியின் லாபத்தில் கடன் கமிஷன் கலந்திருந்தது. எனவே பேமென்ட் கம்பெனியின் வருமானத்தில் கால் பங்குக்கு மேல் கடன் கமிஷனாக இருந்தால், அதையும் உங்கள் கடன் பங்குகளின் கணக்கிலேயே சேர்த்து எழுதுங்கள்.