பூனை தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்ப்பது நின்ற விதம்

எங்கள் பூனை குடிக்கும் முன் முன்னங்காலைக் கிண்ணத்துக்குள் விட்டுத் துழாவும். பிறகு விளிம்பைப் பிடித்து இழுக்கும். தினம் மூன்று தடவையாவது தரை ஈரம்.

அடியில் ரப்பர் பாய் போட்டேன். கிண்ணம் நகரவில்லை, கவிழ்ந்தது. கனமான கல்சட்டிக்கு மாற்றினேன். கவிழவில்லை, துழாவல் மட்டும் தொடர்ந்தது. சிந்துவது குறையட்டும் என்று பாதி மட்டும் ஊற்றினேன். துழாவல் இன்னும் அதிகமானது.

அப்போதுதான் கவனித்தேன். நிரப்பிய கையோடு வைத்தால் நேராக நக்கிக் குடிக்கிறது. மட்டம் இறங்கிய பிறகே கால் உள்ளே போகிறது. சுமார் 25 செ.மீ.க்குள் இருப்பது பூனைக்கு மங்கலாகத்தான் தெரியும். அசையாத தண்ணீரின் மேல்மட்டம் அதற்குச் சரியாகப் பிடிபடாமல் போகலாம். தட்டினால் அலை எழும்பும், வெளிச்சம் ஆடும், மட்டம் தெரியும். பாவம், அளவு பார்த்திருக்கிறது!

இப்போது 20 செ.மீ. அகலமுள்ள, ஆழம் குறைந்த பீங்கான் பாத்திரம். உள்விளிம்பில் ஒரு நீலக் கோடு இருக்கிறது. காலையும் மாலையும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு அந்தக் கோடு வரை ஊற்றுகிறேன். மீசை விளிம்பில் உரசாத அகலம். சாப்பாட்டுத் தட்டையும் அடுத்த அறைக்கு மாற்றினேன். நான்காம் நாள் துழாவல் நின்றது, அப்பாடா! ஒருநாள் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே ஊற்றிப் பார்த்தேன். உடனே கால் உள்ளே போனது.