கல்யாண வீட்டு மெமரி கார்டைக் கணினியில் இறக்குவது எப்படி

கும்பகோணம் பக்கம் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பது என் தொழில். படம் எடுக்கச் சொல்லித்தர ஆயிரம் வீடியோ இருக்கிறது. எடுத்ததைக் கேமராவின் மெமரி கார்டிலிருந்து பத்திரமாகக் கணினிக்கு இறக்குவதைத்தான் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. மாங்கல்யதாரணம் ஒரு தடவைதான் நடக்கும். அந்தப் படம் போனால் போனதுதான். அதனால் என்னிடம் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு லென்ஸைத் தொடும் முன்பே இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் ஒரே ஒரு கேமரா வைத்திருப்பவருக்கும் இந்த முறைதான்.

முதலில், கேபிளை விட்டுவிட்டு கார்டு ரீடருக்கு, அதாவது கார்டைச் சொருகிக் கணினியில் மாட்டும் சின்னக் கருவிக்கு, வாருங்கள். கேமராவை யுஎஸ்பி கேபிளில் சொருகினாலும் படம் வரும். ஆனால் பெரும்பாலான கேமராக்கள் அப்போது பென் டிரைவ் மாதிரி ஒரு டிரைவாகத் தெரியாது, ஒரு கருவியாகத்தான் தெரியும். உள்ளே இருக்கும் எல்லா ஃபோல்டரையும் அது காட்டும் என்று நம்ப முடியாது. பாதியில் கேமரா பேட்டரி தீர்ந்தால் காப்பியும் பாதியில் நிற்கும். சில கேபிள்கள் சார்ஜ் ஏற்ற மட்டும்தான், அதில் டேட்டா போகவே போகாது. ரீடர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கும்போது யுஎஸ்பி 3.0 என்று பார்த்து வாங்குங்கள். பழைய யுஎஸ்பி 2.0 ரீடரில் வினாடிக்கு 30, 35 எம்பி வந்தாலே பெரிய விஷயம். நிரம்பிய 64 ஜிபி கார்டு இறங்க அரை மணி நேரம் ஆகிவிடும். நல்ல கார்டை 3.0 ரீடரில், லேப்டாப்பின் 3.0 போர்ட்டில் போட்டால் வினாடிக்கு 90 எம்பி வரை வரும், அதே கார்டு 12 நிமிஷத்தில் முடியும்.

பழைய லேப்டாப்பின் பக்கவாட்டில் இருக்கும் கார்டு துளையில் கவனம் வேண்டும். 32 ஜிபி வரையிலான கார்டுகள் எஸ்டிஹெச்சி வகை, அதற்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி. பழைய துளைகள் சில முதல் வகையோடு நின்றுவிடும். 64 ஜிபி கார்டைப் போட்டால் 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?', அதாவது எல்லாவற்றையும் அழித்துக் காலி செய்யவா என்று கேட்கும். கார்டில் ஒரு கோளாறும் இருக்காது, ரீடருக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். கேன்சல் கொடுத்துவிட்டு வேறு ரீடரில் போடுங்கள்.

ரீடரில் சொருகும் முன்பு கார்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். லேபிள் உங்களைப் பார்த்திருந்தால் இடது ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளை நெம்பு தெரியும். அதை நகத்தால் கீழே தள்ளினால் கார்டு லாக் ஆகிவிடும். இனி கணினி அதைப் படிக்கலாம், அதில் எழுதவோ அழிக்கவோ முடியாது. மைக்ரோ எஸ்டி கார்டில் இந்த நெம்பு இல்லை, அதைப் போடும் அடாப்டரில் இருக்கும். மண்டபத்தின் இரைச்சலில், தூக்கக் கலக்கத்தில், டெலீட் பட்டனில் விரல் பட்டாலும் படம் போகாது. திரும்பக் கேமராவில் போடும்போது நெம்பை மேலே தள்ள வேண்டும், இல்லாவிட்டால் கேமரா படம் எடுக்காது.

சரி, இப்போது ஃபோல்டர். பெயரை ஆண்டிலிருந்து தொடங்குங்கள்: 2025-02-16 முகூர்த்தம், இந்த மாதிரி. ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் போட்டால்தான் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கும். அதற்குள் ஒவ்வொரு கார்டுக்கும் தனி ஃபோல்டர்: கேமரா 1 கார்டு 1, கேமரா 1 கார்டு 2, வீடியோ கார்டு 1. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டக் கூடாது. கேமராக்கள் படத்துக்கு நாலு இலக்க எண்தான் போடுகின்றன, 9999 முடிந்தால் மறுபடி 0001. ஒரே கம்பெனியின் இரண்டு கேமராவில் ஒரே பெயருள்ள படம் வருவது சர்வ சாதாரணம். அப்போது விண்டோஸ் 'பழையதை மாற்றவா, விட்டுவிடவா' என்று கேட்கும். மாற்று என்றால் ஊஞ்சல் படம் போகும், விடு என்றால் மாலை மாற்றிய படம் வராது. தனி ஃபோல்டரில் இந்தக் கேள்வியே எழாது.

அடுத்ததுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது. கார்டைத் திறந்து டிசிஐஎம் ஃபோல்டரை மட்டும் எடுக்காதீர்கள், கார்டில் இருக்கும் அத்தனையையும் எடுங்கள். ஜப்பானியக் கேமராத் தொழில்துறை 1998-ல் ஒரு பொது விதி வகுத்தது. படங்கள் டிசிஐஎம் என்ற ஃபோல்டருக்குள், 100-ல் தொடங்கும் எண்ணுள்ள உள் ஃபோல்டரில் இருக்க வேண்டும் என்று. அதனால்தான் கேனான், நிக்கான், சோனி எதைத் திறந்தாலும் முதலில் டிசிஐஎம் கண்ணில் படுகிறது. எல்லோரும் அதை எடுத்துக்கொண்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். படத்துக்கு அது சரி. வீடியோ எப்போதும் அங்கே இருக்காது.

ஒரு சோனி கார்டைத் திறந்து பாருங்கள். டிசிஐஎம் பக்கத்திலேயே பிரைவேட் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். பெயரைப் பார்த்தால் நமக்குச் சம்பந்தம் இல்லாதது போலத் தோன்றும். அதற்குள் எம்4ரூட், அதற்குள் கிளிப். அங்கேதான் சி0001, சி0002 என்று எம்பி4 வீடியோக்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்ன எக்ஸ்எம்எல் ஃபைலோடு. ஏவிசிஹெச்டி முறையில் பதிவு செய்யும் பழைய கேம்கார்டர் என்றால் பிரைவேட், ஏவிசிஹெச்டி, பிடிஎம்வி, ஸ்ட்ரீம் என்று நாலு கதவு திறந்து போனால்தான் எம்டிஎஸ் என்ற வீடியோ ஃபைல்கள் தெரியும். டிசிஐஎம்மை மட்டும் இறக்கிவிட்டுக் கார்டை ஃபார்மட் செய்தால் கெட்டிமேளம் முழுக்கக் காற்றோடு போகும். அதனால் கார்டின் முதல் பக்கத்திலேயே நின்று கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி. கட் வேண்டாம், காப்பிதான். கணினியே இறக்கித் தரும் செயலிகளில் 'இறக்கிய பின் அழித்துவிடு' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஸ்ட்ரீம் ஃபோல்டரிலிருந்து எம்டிஎஸ் ஃபைலை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டால் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஃபேட்32 என்ற ஃபைல் அடுக்கும் முறையில் அமைந்த கார்டில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நீளமாக ஓடவிட்ட பதிவைக் கேமராவே துண்டு துண்டாக வெட்டி வைக்கும். எந்தத் துண்டுக்குப் பின் எது என்ற கணக்கு மற்ற ஃபோல்டர்களில் இருக்கிறது. முழு அமைப்பும் இருந்தால் நல்ல எடிட்டிங் மென்பொருள் ஒரே ஓட்டமாக ஒட்டிவிடும். துண்டை மட்டும் எடுத்து அடுக்கினால் இணைப்பில் சத்தம் ஒரு நொடிக்கும் குறைவாக அறுந்து போகலாம். பேச்சில் அது தெரியாமல் போகும். நாதஸ்வரக்காரர் ராகத்தை இழுத்துக்கொண்டிருக்கும் இடத்தில் விழுந்தால் பட்டென்று கேட்கும்.

காப்பி முடிந்ததும் சரிபார்க்க வேண்டும். இதற்கு ஐந்து நிமிஷம் போதும், ஆனால் பெரும்பாலோர் தாண்டிப் போவது இதைத்தான். கார்டில் இருக்கும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ். எத்தனை ஃபைல், எத்தனை பைட் என்று பாருங்கள். லேப்டாப் ஃபோல்டரிலும் அதே மாதிரி பாருங்கள். கடைசி இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும். அப்புறம் சிறுபடங்களைப் பெரிதாக்கி மேலிருந்து கீழே ஒரு முறை ஓட்டுங்கள். பாதிப் படம் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் படிப்பதில் கோளாறு. அதை வேறு ரீடரில் போட்டு மறுபடி இறக்குங்கள். வீடியோ ஒவ்வொன்றிலும் கடைசிப் பத்து வினாடியை ஓடவிட்டுப் பாருங்கள். டெராகாப்பி மாதிரி மென்பொருள் இருந்தால் அதில் வெரிஃபை என்பதைப் போட்டுவிட்டால் ஒவ்வொரு ஃபைலையும் அதுவே மூலத்தோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடும்.

இரண்டாவது பிரதியை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுக்கும்போதும் கார்டிலிருந்தே எடுங்கள். லேப்டாப் பிரதியில் ஒரு படம் கெட்டிருந்தால், அதிலிருந்து எடுக்கும் பிரதியிலும் கெட்டதுதான் வரும். மண்டபத்திலிருந்து கிளம்பும்போது லேப்டாப் என் வண்டியில், டிஸ்க் உதவியாளர் பையில். இரண்டும் ஒரே பையில் இருந்தால் அது இரண்டு பிரதியே இல்லை. எடுத்து முடித்த கார்டுகளைப் பெட்டியில் தங்க நிறத் தொடுமுனை மேலே தெரியும்படி வைக்கிறோம், காலிக் கார்டுகளில் லேபிள் மேலே. யார் எடுத்தாலும் குழப்பம் வராது.

கார்டைக் காலி செய்யும் வேலையைக் கேமராவிடமே விடுங்கள். இரண்டு பிரதியும் சரிபார்த்த பிறகு, கேமராவின் மெனுவில் ஃபார்மட். கணினியில் ஃபார்மட் செய்தால் கேமராவுக்கு ஒத்துவராத அமைப்பு விழலாம். மேக்கில் படங்களை அழித்தால் அவை கார்டிலேயே மறைந்திருக்கும் குப்பைத் தொட்டிக்குப் போகும். படம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இடமும் திரும்பக் கிடைக்காது.

வைஃபையில் ஃபோனுக்கு அனுப்பும் வசதி இருக்கிறதே என்றால், ஸ்டேட்டஸ் போட அது நன்றாக இருக்கும். நிக்கானின் ஸ்நாப்பிரிட்ஜ் என்ற ஃபோன் செயலி வழியாகத் தானாக வருவது 2 மெகாபிக்சல் அளவுக்குச் சுருக்கிய படம். வாட்ஸ்அப் அதை இன்னும் அமுக்கும். ஆல்பத்துக்கு அதை நம்பாதீர்கள்.

இத்தனைக்கும் மேல் ஒரு நாள் கார்டு திறக்கவே மறுத்தால், இன்னொரு ரீடரிலும் இன்னொரு கணினியிலும் போட்டுப் பாருங்கள். அப்போதும் ஃபார்மட் கேட்டால் கேன்சல். கார்டை லாக் செய்யுங்கள், அதில் இனி ஒரு படம்கூட எடுக்கக் கூடாது, புதிதாக எழுதினால் பழையது அழியும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு தேடலாம். மீட்பதை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும், அதே கார்டில் அல்ல. பழைய பெயர்கள் வராது, ஏதோ எண்களாக வரும். படத்துக்குள் பதிந்திருக்கும் எடுத்த நேரம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதை வைத்து வரிசைப்படுத்தினால் மாப்பிள்ளை அழைப்பிலிருந்து சாப்பாட்டுப் பந்தி வரை ஒழுங்காக அமையும். நீள வீடியோக்கள் முழுசாக மீளாமல் போகலாம். கார்டு எந்தக் கணினியிலும் தலைகாட்டவே இல்லை என்றால் மென்பொருளால் ஆகாது, டேட்டா மீட்கும் கடைக்குத்தான் கொண்டு போக வேண்டும். அங்கே கொடுக்கும்போது நீங்கள் இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.