சிறுகோள் மறைப்பு: வன்னியில் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் ஊர் விளக்குகள் அணைந்த பிறகு, மங்கலான விண்மீன்களும் தெளிவாகத் தெரியும். ஆகவே ஒரு சிறுகோள் விண்மீனை மறைக்கும் அந்தச் சில செக்கன்கள் கைநழுவிப் போனால் வானத்தைக் குறைசொல்ல முடியாது. கோளாறு பெரும்பாலும் மணிக்கூட்டில்தான் இருக்கும்.

திகதியிலேயே சறுக்குபவர்களும் உண்டு. முன்னறிவிப்புகள் உலக நேரத்தில் வருகின்றன. 13ஆம் திகதி 20:40 என்றால் நமக்கு அது 14ஆம் திகதி அதிகாலை 2:10. ஐந்தரை மணி நேரத்தைச் சரியாகக் கூட்டிவிட்டு, திகதியை மாற்ற மறப்பவர்கள் ஒரு நாள் முந்திப் போய்க் கொட்டாவி விடுவார்கள்.

அடுத்தது கைப்பேசி நேரத்தை நம்புவது. விண்மீனின் ஒளியை மறைக்கும் சிறுகோளின் நிழல் தரையில் செக்கனுக்கு 10, 15 கிலோமீற்றர் ஓடுவது சாதாரணம். உங்கள் நேரம் ஒரு செக்கன் பிசகினால், 30 கிலோமீற்றர் அகலமான சிறுகோளின் விளிம்பை அதன் அகலத்தில் பாதி தூரம் வரை தள்ளி வைத்துவிடுவீர்கள். இணையத் தொடர்பு இல்லாத மடிகணினியின் மணிக்கூடும் மெல்ல விலகிக்கொண்டே போகும். ஜி.பி.எஸ். நேரமே நல்லது. ஆனால் கருவியை இயக்கியவுடன் அது காட்டும் நேரத்தை எழுதிக்கொள்ளாதீர்கள். ஜி.பி.எஸ். நேரத்துக்கும் உலக நேரத்துக்கும் 2017 முதல் 18 செக்கன் வித்தியாசம். அந்தத் திருத்தம் செயற்கைக்கோளிலிருந்து வந்து சேர 12 நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். கால் மணி நேரமாவது திறந்த வெளியில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கமராவின் தானியங்கி ஒளியமைப்பை நிறுத்திவிடுங்கள். விண்மீன் மங்கும்போது அது தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிப் பதிவைக் கெடுத்துவிடும். மறைப்பு இரண்டு செக்கன்தான் என்றால் ஒரு செக்கன் நீளமான படங்களை எடுத்துப் பயனில்லை. தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். அதற்கு முன் அது தொலைநோக்கியின் கண்ணாடியை நனைத்துவிடும், முகப்பில் பனிமறைப்புக் குழாய் போடுங்கள்.

எல்லாரும் ஒரே வளவில் கூடி நின்று பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்காத பழக்கம். கலகலப்பாக இருக்கும், உண்மைதான். ஆனால் ஐந்து தொலைநோக்கிகளும் சிறுகோளின் குறுக்கே விண்மீன் கடக்கும் ஒரே கோட்டைத்தான் அளக்கின்றன. நிழல் பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஓடும். ஏ9 வீதியோ வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. வவுனியா, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி என்று பிரிந்து நின்றால் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கோடு கிடைக்கும். அவற்றை அடுக்கினால் சிறுகோளின் உருவமே தெரியும். இடம் தேடும்போது ஆளில்லாத பற்றைக்குள் இறங்க வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களையும் யானை நடமாட்டமுள்ள பாதைகளையும் பகலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

விண்மீன் மீண்டும் ஒளிர்ந்ததும் பதிவை நிறுத்திவிடாதீர்கள். 2013இல் சாரிக்ளோ என்ற சிறுகோளுக்கு வளையங்கள் உண்டென்று தெரிந்தது, முக்கிய மறைப்புக்கு முன்னும் பின்னும் விண்மீன் ஒரு கணம் மங்கியதால்தான். இருபுறமும் இரண்டு நிமிடமாவது பதிவு ஓடட்டும்.

விண்மீன் மறையவே இல்லையென்றால் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். நிழலின் எல்லை எங்கே முடிகிறது என்பதை அந்த முடிவுதான் சொல்லும். எங்கே நின்றீர்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை பார்த்தீர்கள், இடையில் மேகம் குறுக்கிட்டதா என்பவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.