பசுமை வழியில் கரிம மின்னணுப் பொருட்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓலெட் திரையிலும் கரிம சூரிய மின்கலத்திலும் வேலை செய்பவை, ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் மூலக்கூறுகள். தயோபீன், கார்பசோல் போன்ற சிறு வளையங்களைக் கோத்து அவற்றை உருவாக்குகிறோம். கோக்கும் முறையில்தான் பல தவறுகள் நடக்கின்றன.

விளைச்சல் சதவீதத்தை மட்டும் பார்ப்பது முதல் தவறு. வெள்ளீயச் (டின்) சேர்மத்தைக் கொண்டு வளையங்களைக் கோக்கும் ஸ்டில் வினையில் இரண்டு தயோபீன் வளையங்களை இணைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் பொருளான பைதயோபீன் ஒரு மோலுக்கு 166 கிராம். கூடவே உருவாகும் டிரைமெத்தில் டின் புரோமைடு 244 கிராம். விளைச்சல் நூறு சதவீதமாகவே இருந்தாலும் பொருளைவிடக் கழிவின் எடை அதிகம், அதுவும் கடும் நச்சு. கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பையே நேரடியாகப் பயன்படுத்தும் நேரடி அரைலேற்றத்தில் வெள்ளீயமே தேவையில்லை. வெளியேறும் ஹைட்ரஜன் புரோமைடு 81 கிராம்தான், அதையும் காரம் உப்பாக மாற்றிவிடும்.

சரி, வெள்ளீயத்தை விட்டாயிற்று, இனி எல்லாம் நலம் என்று நினைப்பதும் தவறுதான். தயோபீனில் கந்தகத்துக்கு அடுத்த கார்பன் மட்டுமல்ல, அதற்கும் அடுத்த பீட்டா கார்பனும் வினைபுரியக்கூடும். அப்படி நடந்தால் பாலிமர் சங்கிலி கிளைவிடும், மின்னூட்டம் ஓடும் பாதை குலையும். பீட்டா இடத்தை ஒரு தொகுதியால் முன்பே அடைத்துவிடுவது நல்லது. முடியாவிட்டால் பல்லேடியம் வினையூக்கியோடு பிணையும் ஈனியையும் (லிகண்ட்) அமிலச் சேர்க்கையையும் பொறுமையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் மிகப் பெரிய தவறு, குடுவைக்கு வெளியே நடப்பதைக் கணக்கில் சேர்க்காததுதான். ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்று அளக்கும் ஈ-காரணியை 1992-இல் ரோஜர் ஷெல்டன் முன்வைத்தார். அதைப் போட்டுப் பாருங்கள்: வினைக்கு ஊற்றிய கரைப்பானைவிட, பிறகு பொருளைத் தூய்மையாக்கச் சிலிகா நிரப்பிய குழாயில் ஓடவிட்ட கரைப்பான் பல மடங்காக இருக்கும். சோப்புப் போன்ற பரப்புவினைப் பொருளைக் கலந்து தண்ணீரிலேயே வினையை நடத்திவிட்டு, அப்புறம் டைகுளோரோமீத்தேன் என்ற கரிமக் கரைப்பானை லிட்டர் கணக்கில் ஊற்றிப் பிரித்தெடுத்தால் தண்ணீரால் என்ன பயன்? பொருள் திடமாகப் படிந்தால் வடிகட்டுங்கள். மறுபடிகமாக்க முடிந்தால் சிலிகா குழாயே வேண்டாம். இதை முதல் படிக்கு முன்பே யோசிக்க வேண்டும்.

அதற்காகத் தூய்மையில் கை வைக்காதீர்கள். வினையூக்கியிலிருந்து மிச்சமிருக்கும் பல்லேடியம் மின்னூட்டங்களைச் சிறைப்பிடித்துச் சாதனத்தின் திறனைக் குறைக்கும். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் நிறமாலை சுத்தமாகத் தெரிந்தாலும் உலோகத் தடயம் அதில் தெரியாது. உலோகத் தடயங்களை அளக்கும் ஐசிபி-எம்எஸ் போன்ற தனிச் சோதனையில்தான் தெரியும்.